வேட்டிக் கரையிலை அடிச்ச நம்பர்

மத்தியானம் சோறு திண்டுபோட்டுக் கண் சொருகிற நேரமாப் பாத்துத்தான் நான் முந்தி வேலை செய்த அச்சுக்கடைப் பெட்டையள் எனக்குப் போன் அடிப்பினம். "மேர்சி அக்கா, ஒரு ஓடர் வந்திருக்கு. ஸ்கிரீனிலை அடிக்கிறதோ, சூட்டிலை ஒட்டுறதோ?" இதுதான் எப்பவும் கேள்வி. வேலையை விட்டு நான் வீட்டோடை இருக்கத் தொடங்கி எவ்வளவு காலமாப் போச்சு, உந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை. சாய்மனைக் கதிரையிலை கிடந்தபடியே மறுமொழி சொல்லுவன். சொல்லிக்கொண்டிருக்கேக்கையே நித்திரையாப் போன நாளும் இருக்கு. அந்தப் பக்கத்திலை அவளவை "அக்கா, அக்கா" எண்டு கூப்பிட்டுக் களைச்சுப்போய்த் தாங்களே ஏதோ ஒரு முடிவுக்கு வந்திடுவினம்.

போன கிழமையும் கேட்டினம். மறுமொழியைச் சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினன், சொன்னதும் சொல்லாததுமா எல்லாம் தண்ணியிலை பூ மாதிரி மிதந்து வருது. கண்ணைத் திறந்தால் போயிடும் எண்டு கொஞ்சநேரம் அப்பிடியே கிடந்தன். அதுக்குப் பிறகு நடந்ததையும் சேத்து இப்பதான் எழுதத் தொடங்கிறன்.

எனக்குப் புத்தூர். வேதக்காரக் குடும்பம். சேர்ச்சிலை ஞாயிறுப் பள்ளிப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு, வேறை வேலைவெட்டி இல்லாமல் இருந்தனான். எழுத்து மட்டும் வடிவா எழுதுவன். நான் கீறின சேர்ச் பானர் ஒண்டை றோட்டிலை போகேக்கை பாத்துப்போட்டுத்தான் குலசிங்கம் அண்ணை என்னைத் தன்ரை கடைக்குக் கூப்பிட்டவர். அவர் பண்டத்தரிப்பு. நல்ல சைவக்காரர், நெத்தியிலை திருநீறு அழியாது. ரவுணிலை ஒரு ஒழுங்கைக்குள்ளை அவற்றை அச்சுக்கடை. கொடி, பானர், பை எண்டு அடிச்சுக்கொண்டிருந்து பிறகு ரீசேட்டிலை இறங்கினவர். நான் பழகின காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிசா ஒண்டுமில்லை. கையெல்லாம் மை, தலைமயிரெல்லாம் மண்ணெண்ணெய் மணம். பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை ஆரும் இருக்க மாட்டினம், அது ஒருவகையிலை நல்லதாப் போச்சு.

ஸ்கிரீன் வேலை எண்டால் இப்பிடித்தான். மரச்சட்டத்திலை மெல்லிய வலைத்துணியை மேளத்துக்குத் தோல் இழுக்கிறது மாதிரி இறுக்கிக் கட்டுவம். அரையிருட்டு அறைக்குள்ளை வைச்சு, வெளிச்சம் பட்டால் இறுகிற பசை ஒண்டை அதிலை பூசிக் காயவிடுவம். எழுத்தைக் கறுப்பிலை எடுத்த கண்ணாடித்தாளை மேலை வைச்சு வெயிலுக்குக் கொண்டுபோவம். வெயில் பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைச்ச இடம் இளகினபடி கிடக்கும். தண்ணி அடிக்க இளகினது கழுவுப்பட்டு, எழுத்து வாசல் திறந்த மாதிரித் தெரியும். பிறகு ரீசேட்டுக்கு மேலை சட்டத்தை வைச்சு மையை ஊத்தி, றப்பர்க் கட்டையாலை ஒரே இழுவை. மை அந்த வாசலாலை இறங்கித் துணிக்குள்ளை போய் இருந்திடும்.

வெயிலிலை எவ்வளவு நேரம் வைக்கிறது எண்டதிலைதான் எல்லாம் கிடக்கு. அண்ணை மணிக்கூடு பாக்கமாட்டார். வாய்க்குள்ளை ஒரு சாமிப்பாட்டு ஓடும். பாட்டு முடியச் சட்டத்தை உள்ளை எடுப்பார். மாரியிலை வெயில் மந்தமா இருந்தால் அதே பாட்டை ராகம் இழுத்து இழுத்துப் பாடுவார். எனக்கு அந்தப் பாட்டு வராது. நான் எங்கடை ஜெபம் ஒண்டைச் சொல்லி எடுத்துப் பாத்தன், அச்சொட்டா வந்துது. அண்ணை அதைப் பாத்துப்போட்டுத் தலையை ஆட்டினார். அதுக்குப் பிறகு அவர் ஒரு மூலையிலை பாட, நான் ஒரு மூலையிலை ஜெபிக்க, கடைக்குப் பின்னாலை இருந்த முத்தம் கோயிலோ சேர்ச்சோ எண்டு தெரியாமல் கிடக்கும். கொடியிலை காயிற ரீசேட்டுகள் காத்துக்கு வயிறு ஊதி ஊதி ஆடும். அதைப் பாத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கண் கட்டிக்கொண்டு வரும்.

அண்ணை அதிகம் கதையாத மனிசன். முதல் ரீசேட்டை இழுக்கிறதுக்கு முன்னம் றேடியோவை நிப்பாட்டுவார். இழுத்து முடிய, காஞ்சாப் பிறகு பெருவிரலாலை எழுத்தை ஒருக்காத் தடவுவார். விரலுக்கு ஒண்டும் தட்டக்கூடாது, துணி துணியாவே இருக்கவேணும். தட்டினால் "பிள்ளை, நீர் இதை ஒருக்காப் பாரும்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வெளியிலை போய் நிப்பார். பேச்சு வாங்கியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த "ஒருக்காப் பாரும்" இருக்கே, அதுக்காகவே திரும்பச் சட்டத்தைக் கட்டி முதலிலை இருந்து அடிப்பன்.

பிறகு சூட்டு மெஷின் வந்துது. படத்தையோ எழுத்தையோ முதலிலை ஒரு தாளிலை எடுத்து, அதை ரீசேட்டிலை வைச்சு, மேலையும் கீழையும் நெருப்பா இருக்கிற தட்டாலை அமத்திப் பிடிச்சால் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதிலை சரியான விருப்பம். உண்மையைச் சொன்னால் என்ன. கரப்பந்துக் கழகம் ஒண்டு வந்து ஆளுக்கொரு பேரும் நம்பரும் கேட்டால், ஸ்கிரீனிலை ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு சட்டம் கட்டி அழவேணும். சூட்டிலை எண்டால் ஆக்கள் ரீ குடிச்சு முடியிறதுக்குள்ளை குடுத்திடலாம். ஒரு முகத்தை அப்பிடியே நிறத்தோடை கொண்டுவரவும் அதாலைதான் ஏலும். ஆனால் ஒரே படத்தை ஊருக்கே போடுறதெண்டால், அடிச்சு அடிச்சுத் தோய்க்கிற உடுப்பெண்டால், ஸ்கிரீன்தான். அண்ணைக்கு மெஷின் எண்டாலே பிடிக்காது. "உது துணிக்கு மேலை இருக்கிற சாமான்" எண்டு சொல்லி முகத்தைத் திருப்பிப்போடுவார்.

அவர் சொன்னதிலையும் ஞாயம் இல்லாமலில்லை. ஒருமுறை ஒரு கழகத்துக் கப்டன், ஆரம்ப விழாவுக்கு மிடுக்கா நிக்கவேணும் எண்டு, ஒட்டின நம்பருக்கு மேலை நல்ல சூட்டோடை ஸ்திரிக்கையை வைச்சு அழுத்தியிருக்கிறார். நம்பர் ஸ்திரிக்கையோடை ஒட்டிக்கொண்டு போயிட்டுது. ஸ்திரிக்கையையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நிண்டார், அடியிலை நம்பர் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்குது. மறுபக்கம் திருப்பிப்போட்டு ஸ்திரிக்கை பிடிக்கச் சொல்லி நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அண்ணை சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் முதன்முதல் கண்டன், அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான்.

இப்பிடியே காலம் போச்சுது. எனக்கு முழங்கால் விட்டுப்போக நான் நிண்டிட்டன். அண்ணையும் கடையை வேறை ஆக்களுக்குக் குடுத்துப்போட்டு மகள் வதனியோடை பண்டத்தரிப்பு வீட்டிலை போய் இருந்தார். அவற்றை மனிசி முந்தியே போய்ச் சேந்திட்டா. வதனி ஆஸ்பத்திரியிலை நேர்ஸ்.

ஒருநாள் வதனி என்னட்டை வந்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலை வைச்சுக்கொண்டு குடிக்காமல் அழுதாள். அண்ணைக்கு ஞாபகம் கழண்டுகொண்டு போகுதாம். விடிய வெளிக்கிட்டால் எங்கை போறார் எண்டு தெரியாதாம். பக்கத்து வீட்டாக்கள் எத்தினை தரம் பிடிச்சுக்கொண்டுவந்து விட்டிட்டினமாம். கேட்டைப் பூட்டினால், கேட்டடியிலை நிண்டு வாயைத் திறவாமல் கண்ணீர் விடுறாராம். "அன்ரி, அவரைப் பூட்டி வைக்க என்னாலை ஏலாது. ஆனால் ஒருநாள் திரும்பி வராமல் விட்டால் நான் என்ன செய்யிறது?" எண்டு கேட்டாள். 

கழுத்திலை அட்டை போட்டுப் பாத்திருக்கிறாள், கழட்டி ஆணியிலை கொழுவிப்போட்டாராம். கையிலை காப்பு மாதிரி ஒண்டு கட்டிப் பாத்தாள், "நான் என்ன வார்ட்டிலையோ கிடக்கிறன்" எண்டு அறுத்துப்போட்டாராம். உடுப்பிலை பேனையாலை எழுதினது தோய்க்க அழிஞ்சுபோச்சு. அப்பதான் உடுப்பிலை நம்பரை அச்சடிக்கிற யோசினை வந்துது. சேட்டுப் பொத்தான் பூட்ட விரல் மறந்துபோனதாலை அவர் இப்ப ரீசேட்தான் போடுறவராம். வதனிக்கு வார்ட்டிலை போனைத் தொட ஏலாது. அதாலை என்ரை நம்பரைப் போடுவம் எண்டு நான்தான் சொன்னன். நான் வீட்டிலை சும்மா கிடக்கிறவள்தானே.

அவசரத்துக்குச் சூட்டிலை ஒட்டினம். முதுகுப் பக்கம் கீழ்க்கரையிலை சின்னதா. அடுத்த கிழமையே வதனி போன் எடுத்தாள். அண்ணை ரீசேட்டைக் கழட்டி மடியிலை வைச்சுக்கொண்டு, பெருவிரல் நகத்தாலை விளிம்பைக் கிளப்பிக் கிளப்பி முழுக்க உரிச்சுப்போட்டாராம். "இலக்கமெல்லாம் நிலத்திலை சிந்திக் கிடக்குது அன்ரி" எண்டாள். மகளின்ரை பேர் மறந்துபோகுது, அந்த விரலுக்கு மட்டும் ஒண்டும் மறக்கேல்லை. எனக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது.

பிறகு கடைப் பெட்டையளட்டைக் கேட்டு, ஒரு பின்னேரம் மேசையைத் தரச்சொல்லி, ஸ்கிரீனிலை அடிச்சன். தண்ணி மை. துணிக்குள்ளை இறங்கிற மை. தடவிப் பாத்தார், ஒண்டும் தட்டேல்லை, விட்டிட்டார். வதனியும் நானும் ஆறுதலா மூச்சு விட்டம்.

அந்த ஆறுதல் கனநாள் நிக்கேல்லை. ஒரு காலமை தெரியாத ஆம்பிளைக் குரல் ஒண்டு. "அக்கா, நான் கீரிமலையிலை இருந்து கதைக்கிறன். கேணிப் படியிலை ஒரு ரீசேட் கிடக்குது. அதிலை உங்கடை நம்பர் இருக்கு." ஆள் எங்கை எண்டு கேட்டன். "ஆளைக் காணேல்லை அக்கா. சேட் மட்டும்தான் கிடக்குது" எண்டார்.

ஓட்டோவிலை ஏறினது தெரியும். வழி ஒண்டும் தெரியாது. கீரிமலைக் கேணி எண்டால் சுவருக்கு அங்காலை கடல். வெயில் வெள்ளையா எரிய, கேணித் தண்ணி பச்சையாக் கிடந்து ஆடுது. குளிக்கிற ஆக்களின்ரை சத்தமெல்லாம் எங்கையோ தூரத்திலை கேக்கிற மாதிரி இருந்துது. அந்தத் தம்பி ரீசேட்டை மடிச்சு என்ரை கையிலை தந்தார். காஞ்சுபோய்க் கிடந்துது. நம்பர் வடிவா, ஒரு கீறல் இல்லாமல், அப்பிடியே இருக்குது. நான் அதை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு கடலைப் பாத்தன்.  கர்த்தரே எண்டு சொல்லக்கூட வாய் வரேல்லை.

வார்ட்டுக்குச் சொல்லிவிட்டதிலை வதனி யூனிபோமோடையே ஸ்கூட்டியிலை வந்து இறங்கினாள். என்ரை கையிலை இருந்த ரீசேட்டைப் பாத்தாள். திரும்பி, கேணிக்குப் பக்கத்திலை இருந்த கோயிலைப் பாத்தாள். நெத்தியிலை படாரெண்டு அடிச்சாள்.

"அன்ரி, கோயிலுக்குள்ளை ஆர் சேட்டோடை போறது?"

எங்கடை சேர்ச்சிலை ஒரு ஆம்பிளை மேல்சட்டை இல்லாமல் வந்தால் பாஸ்ரர் மயங்கி விழுவார். நான் அப்பிடி வளந்தவள், எனக்கு அது மனசிலை வரேல்லை எண்டால் பரவாயில்லை. வதனி பிறந்த நாள் தொட்டுத் தகப்பன் கோயில் வாசலிலை சேட்டைக் கழட்டித் தோளிலை போடுறதைப் பாத்தவள். அவளுக்கும் வரேல்லை. நம்பர் அழியாமல் இருக்கவேணும் எண்டு மட்டும்தான் ரண்டு பேரும் யோசிச்சம், சேட் அவரிலை இருக்குமோ எண்டு யோசிக்கேல்லை. செருப்பைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அவளுக்குப் பின்னாலை நானும் கோயிலுக்குள்ளை ஓடினன்.

ஒரு தூணோடை சாய்ஞ்சு இருந்தார். வெறும் மேல், ஈர வேட்டி, புதுத் திருநீறு. மேளச் சத்தத்துக்குக் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு அமைதியான முகத்தை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை. வதனி அவற்றை காலடியிலை விழுந்து கிடந்து விம்முறாள். நான் "அண்ணை" எண்டன். கண்ணைத் திறந்து என்னை மரியாதையாப் பாத்தார்.

"நீங்கள் ஆர் பிள்ளை?"

இத்தினை வருசமா "நீர்" போட்டுக் கதைச்ச மனிசன். நான் மேர்சி எண்டன். விளங்கேல்லை. வீட்டை போவம், வழி மாறி வந்திட்டியள் எண்டு வதனி சொல்ல, அவருக்குக் கோபம் வந்துது. "எனக்கு வழி மாறேல்லை. நான் உலாத்த வந்தனான்" எண்டு எழும்பி முன்னுக்கு நடந்தார்.

ஒரு ஆம்பிளை எங்கை போனாலும் கழட்டாதது வேட்டிதான். கேணியிலையும் அதோடைதான் இறங்குவார், கோயிலுக்கும் அதோடைதான் போவார். அதாலை அவற்றை நாலுமுழ வேட்டியெல்லாத்தையும் வதனி தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வேலையை நான் மறக்கமாட்டன். மெல்லிய பருத்தி. மை கொஞ்சம் தண்ணியாப் போனால் பரந்து ஊறி இலக்கம் குழம்பும், கொஞ்சம் தடிச்சால் காஞ்சு விரலுக்குத் தட்டும். பழைய வேட்டித் துண்டுகளிலை அடிச்சு, சவர்க்காரம் போட்டுக் கல்லிலை அடிச்சுத் தோய்ச்சு, காயவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு என்ரை பெருவிரலாலை தடவித் தடவிப் பாத்தன். வதனி "ஞாபக மறதி உள்ளவர்" எண்டும் போடச்சொன்னாள். நான் ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். அந்த மனிசனை அப்பிடி எழுதி ஒட்டி றோட்டாலை நடக்கவிட எனக்கு மனம் வரேல்லை. என்ரை பேரும் நம்பரும் மட்டும், கரையை ஒட்டி அதுக்கு மேலை, கரையின்ரை நிறத்திலையே. முன்னுக்கு நிக்கிற ஆக்கள் குனிஞ்சு பாத்தால் நேரா வாசிக்கக்கூடிய மாதிரி அடிச்சன்.

வெயிலிலை சட்டத்தை வைச்சுப்போட்டு ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினால், பாதியிலை அழுகையிலை வரி குழம்பிப்போச்சு. அந்தச் சட்டத்தைக் கழுவி வைச்சுப்போட்டு, வேறை சட்டத்தோடை திரும்ப முதலிலை இருந்து சொன்னன். கடைப் பெட்டையள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிண்டினம்.

அதுக்குப் பிறகு என்ரை பகல்கள் எல்லாம் ஒரு மாதிரிக் கனவு போலைதான். கதிரையிலை கண் அயரும், போன் அடிக்கும், முன்பின் தெரியாத குரல் ஒண்டு "அம்மா, இஞ்சை ஒரு ஐயா நிக்கிறார்" எண்டும். ஒருநாள் பஸ் கொண்டக்டர். ஒருநாள் வெங்காயத் தோட்டத்துக்குள்ளை களை பிடுங்கிக்கொண்டு நிண்ட மனிசி. ஒருநாள் கலியாண வீட்டுக்காரர், அவருக்குப் பந்தியிலை இருத்திச் சாப்பாடும் போட்டிருக்கினம், மாப்பிள்ளை பகுதியெண்டு பொம்பிளை பகுதியும், பொம்பிளை பகுதியெண்டு மாப்பிள்ளை பகுதியும் நினைச்சுக்கொண்டு. கண்ட இடமெல்லாம் நல்ல சனம்தான் இருந்திருக்கு. நான் ஓட்டோவிலை போய் இறங்குவன். அவர் என்னைப் பாத்து, "நான் உலாத்த வந்தனான்" எண்டுவார். "ஓம் அண்ணை, நானும் உலாத்தத்தான் வந்தனான், வாங்கோ சேந்து போவம்" எண்டு சொல்லி ஏத்திக்கொண்டு வருவன். வழி நெடுக வயலையும் பனை வடலியையும் பாத்துக்கொண்டு வருவார். ஒருநாளும் என்ரை பேரைக் கேக்கேல்லை. தான் துலைஞ்சு போனதாக ஒருநாளும் ஒத்துக்கொள்ளவுமில்லை. சில நாளிலை எனக்குக் கோபம் வரும், எவ்வளவு ஓடுறன், ஒரு சொல்லாவது சொன்னால் என்ன எண்டு. வீட்டை வந்து முகத்தைக் கழுவினால் அது போயிடும்.

இப்ப போன கிழமைக்கு வாறன். பெட்டையளுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுப் போனை மடியிலை வைச்சுக் கண்ணை மூடினன் எண்டு சொன்னன்தானே. திரும்பவும் அடிச்சுது. அவளவைதான் எண்டு நினைச்சு, "என்னடி இன்னும்?" எண்டன்.

 அந்தப் பக்கம் ஆறுதலா ஒரு குரல். "வணக்கம். என்ரை வேட்டியிலை உந்த நம்பர் கிடக்கு. ஆர் கதைக்கிறது?"

அண்ணையின்ரை குரல். அந்த எழுத்தை நான் ஊர்ச்சனத்துக்கெண்டுதான் அடிச்சனான். அவர் வாசிப்பார் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை. "மேர்சி, அண்ணை" எண்டன்.

"மேர்சி எண்டு எனக்கு ஒருதரையும் தெரியாது" எண்டார். பிறகு குரல் இறங்கிப்போச்சு. "பிள்ளை, நான் வழி மாறி வந்திட்டன். இது எந்த இடமெண்டும் தெரியேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. வந்து கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

"ஓம் அண்ணை. இந்தா வாறன். அந்த இடத்தை விட்டு அசையாதேங்கோ" எண்டு சொல்லிப் போனை வைச்சுப்போட்டுச் செருப்பைத் தேடினன். அழுகையிலை ஒரு செருப்புத்தான் கண்ணிலை பட்டுது. படலையடிக்கு வந்தாப் பிறகுதான், எங்கை நிக்கிறார் எண்டு கேக்கேல்லை எண்டு தெரிஞ்சுது. திரும்ப அந்த நம்பருக்கே அடிச்சன். ஒரு பலசரக்குக் கடைக்காரர் எடுத்தார். சுன்னாகம் எண்டார், இடத்தைச் சொன்னார். ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ, நான் வந்துகொண்டிருக்கிறன் எண்டன்.

"குடுத்தனான் அக்கா, வேண்டாமாம்" எண்டார் அவர். "எங்கடை பிள்ளை ஒண்டு வருகுதாம், அது வந்தாப் பிறகு குடிக்கிறாராம்."